பின்னல் சங்கங்கள்: கொடுத்தவர்களும் வாங்கியவர்களும்

1904ஆம் ஆண்டு நோர்வேஜிய மிஷன் சங்கம் தனது பொதுச்சபையில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. நோர்வே நாடு தனது பெண்கள் எல்லோருக்கும் பாராளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கொடுத்தது 1913இல். (1901இலும் 1907இலும் கொடுக்கப்பட்டவை வருமான வரம்போடு கூடிய அரைகுறை உரிமைகள்.) ஆபிரிக்காவுக்குப் பாதிரிமாரை அனுப்புவதற்கென்று தொடங்கப்பட்ட, வேதப்புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து நம்பிய மனிதர்களின் சபையொன்று, இந்த விடயத்தில் அரசை விட ஒன்பது வருடங்கள் முந்திக்கொண்டது. மத நிறுவனங்கள் பெண்களுக்கு எதையேனும் தாமாக முன்வந்து கொடுத்ததாக நமக்கு அனுபவம் இல்லை. ஆகவே இது எப்படி நடந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. பதில் சற்று வேடிக்கையானது. மேஸ். குளிருக்குக் காலில் போடுகின்ற கம்பளி மேஸ்.

அந்த மேசின் கதையைத்தான் இங்கே சொல்ல முனைகிறேன். இது நோர்வேஜியக் கதை. ஆனாலும் ஓரிடத்தில் எங்கள் ஊர்ப் பக்கமும் வந்து போகிறது.

பின்னல் பெண்களின் வேலை என்று நினைப்பவர்களுக்காக முதலில் ஓர் ஆணிலிருந்து தொடங்கலாம். ஹான்ஸ் நீல்சன் ஹௌக 1771இல் பிறந்த ஒரு கமக்காரனின் மகன். 1796இல் வயலில் உழுதுகொண்டு நின்றபோது தனக்கு ஆண்டவரின் அழைப்பு வந்தது என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டவர், அடுத்த எட்டு வருடங்கள் நோர்வேயின் பெரும்பகுதியைக் கால்நடையாகச் சுற்றிப் பிரசங்கம் செய்தார். நடக்கும்போதும் கைகள் சும்மா இருக்கக்கூடாது என்பது அவரது கொள்கை. ஆகவே பின்னிக்கொண்டே நடந்தார். பின்னியதைப் போகிற வழியில் கொடுத்தார். பாதிரியாரின் அனுமதியில்லாமல் சாதாரண சனங்கள் மதக்கூட்டம் கூடுவதை 1741ஆம் ஆண்டின் சட்டமொன்று தடைசெய்திருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1804இல் அவரைப் பிடித்துப் பல வருடங்கள் சிறையில் வைத்தார்கள். இடையில், 1809இல், ஆங்கிலேயக் கடற்படையின் முற்றுகையால் நாட்டில் உப்பில்லாமல் போக, உப்புக் காய்ச்சும் வேலையை ஒழுங்குசெய்ய அவரைத்தான் வெளியே எடுத்தார்கள். அரசுகளின் நியாயம் எக்காலத்திலும் ஒன்றுதான். உப்பு வேண்டுமென்றால் குற்றவாளி கெட்டிக்காரனாகி விடுவான்.

அந்தச் சட்டம் 1842இல் நீக்கப்பட்டது. அதே 1842இல்தான் ஸ்தவாங்கர் நகரில் நோர்வேஜிய மிஷன் சங்கமும் தோன்றியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதிரியாரின் தயவு இல்லாமல் கூடலாம் என்று ஆனவுடனேயே கூட்டம் கூடியவர்களில் பெண்கள் அதிகம். தெற்குக் கரையிலுள்ள லிங்டால் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவியான குஸ்தாவா கீலான்ட் 1840களில் ஒரு பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். மிஷனுக்கான பெண்கள் சங்கங்களின் தாய் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். முதுமையில் கண் பார்வை மங்கிய பிறகு, தனது நினைவுகளைச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுத, அதுவும் புத்தகமாக வந்திருக்கிறது.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ ஒரு வீட்டில் கூடுவார்கள். ஆளுக்கொரு வேலை கையில் இருக்கும்: நூற்பு, பின்னல், தையல். ஒருவர் மட்டும் வேலை செய்யாமல் உரத்து வாசிப்பார். வாசிப்பது மிஷனரிமார் அனுப்பும் கடிதங்களை. பிறகு கோப்பி. பின்னிய பொருட்கள் வருடத்துக்கு ஒருமுறை ஏலத்திலோ சீட்டிழுப்பிலோ விற்கப்படும். காசு ஸ்தவாங்கருக்குப் போகும். கணவனிடம் கேட்காமல் ஒரு குறோன்கூடச் செலவு செய்ய முடியாத கமக்காரப் பெண்ணுக்கு, ஆட்டு மயிரும் இரவு நேரமும் மட்டும் தன்னுடையவை. அந்த இரண்டையும் காசாக்கும் வழி இது. அத்தோடு, அடுத்த பண்ணைக்குக்கூடப் போய்வர ஒரு காரணம் வேண்டியிருந்த பெண்களுக்கு, வீட்டை விட்டு வெளியே வர இதைவிடப் பரிசுத்தமான காரணம் வேறு கிடைத்திராது.

பொலெத்த யோர் என்ற பெண் 1884இலிருந்து இந்தச் சங்கங்களுக்கென்றே ஒரு வாசிப்புப் பத்திரிகையை நடத்தினார். அந்த நூற்றாண்டு முடியும்போது நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் பெண்கள் சங்கங்கள் இருந்தன. மிஷன் சங்கத்தின் வருமானத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. ஆனால் பொதுச்சபையில் கை உயர்த்தியவர்கள் ஆண்கள். மேஸ் பின்னுகிறவர்கள் ஒரு பக்கம், மேஸ் விற்ற காசை எங்கே செலவழிப்பது என்று முடிவெடுப்பவர்கள் இன்னொரு பக்கம். இந்தக் கணக்கு அதிக காலம் ஓடாது என்பது 1904இல் தெரிந்தது. யாரும் வீதியில் இறங்கிக் கோஷம் போட்டதால் மட்டும் வந்ததல்ல அந்த வாக்கு. கணக்குப் புத்தகத்திலும் அதற்கு ஒரு வேர் இருந்தது. ஆனாலும் வாக்கு வேறு, பிரசங்க பீடம் வேறு. நோர்வேஜியத் திருச்சபை முதலாவது பெண் பாதிரியாரை அபிஷேகம் செய்தது 1961இல்.

இப்படி எழுதும்போது பெண்விடுதலைக் கதையாக மட்டும் இது அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் காசு எங்கே போனது என்பதையும் பார்க்க வேண்டும். ஹான்ஸ் ஷ்ரோய்டர் என்ற மிஷனரி 1840களில் தென்னாபிரிக்காவின் சூலு மக்களிடம் போனார். முதலாவது ஞானஸ்நானம் 1858இல்தான் நடந்தது. பதினான்கு வருடங்கள்! அந்தப் பதினான்கு வருடமும் லிங்டாலிலும் மற்ற ஊர்களிலும் பெண்கள் பின்னிக்கொண்டிருந்தார்கள். சூலு மக்கள் அதுவரை தங்களுக்கு என்ன தேவை என்று யாரிடமும் விண்ணப்பித்திருக்கவில்லை. கடிதங்களில் வந்த "இருண்ட" மனிதர்களைப் பற்றி உரத்து வாசிக்கக் கேட்டுக்கொண்டு, கண்ணீர் மல்கப் பின்னிய அந்தப் பெண்களின் மனதில் சூலுப் பெண் எப்படி இருந்திருப்பாள்? ஏழை என்றும் பாவி என்றும் இரண்டு சொற்களும் ஒன்றாகிப்போன ஓர் உருவமாகத்தான் இருந்திருப்பாள். கொடுப்பவர் தனக்குள் ஒரு வாங்குபவரைப் பின்னிக்கொண்ட பிறகுதான் மேசைப் பின்னத் தொடங்குகிறார். எல்லாத் தர்மத்திலும் இது உண்டு என்றே நினைக்கிறேன்.

இந்த விடயத்தில் எனக்கு அக்கறை வந்த விதத்தையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. ஏன் நின்றது என்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இப்போது பேர்கன் நகரத்தில் ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. கோப்பை கழுவுவதில் தொடங்கி இப்போது சூப்பும் சோசும் என் பொறுப்பு. திங்கட்கிழமை றெஸ்ரோறன்ற் பூட்டு. அன்று பின்னேரம் பக்கத்திலுள்ள தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் பின்னல் குழு கூடும். பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் எழுபது தாண்டிய பெண்கள். அங்கே போய் இருந்தால் மொழி பழகலாம் என்று முகாமில் இருந்தபோதே ஒருவர் சொன்னார். மொழி பழகப் போனவன் பின்னலும் பழகிவிட்டேன். குசினியில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஹௌகவின் கதையைச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. மற்றப்படி, நாள் முழுக்கச் சவர்க்காரத் தண்ணீரிலும் சூட்டிலும் வெடித்த விரல்களில் கம்பளி நூல் இழுபடுவது சுகமான அனுபவம் அல்ல. பருத்தி நூலில் தொடங்கச் சொன்னார்கள், அது தாங்கும்.

அவர்கள் செய்வது இதுதான்: குறைமாதக் குழந்தைகளுக்கு நாரத்தங்காய் அளவில் தொப்பி, கைக்குழந்தைக்கு மேஸ், பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கையுறை, பெரியவர்களுக்குச் சால்வை. நத்தாருக்கு இரண்டு வாரம் முன்னர் பெட்டிகளில் அடுக்கி, உணவுப் பொதி வாங்கவருகின்ற குடும்பங்களுக்குப் போய்ச் சேருகிற இடத்தில் கொடுப்பார்கள். முன்பு மிஷனுக்குப் போனது இப்போது அதே நகரத்து வீடுகளுக்குப் போகிறது. குழுவுக்கு எழுதப்படாத சில சட்டங்கள் இருக்கின்றன. இயந்திரத்தில் தோய்க்கக்கூடிய கம்பளி நூல் மட்டும்தான் பாவிக்க வேண்டும். சாதாரணக் கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டால் திரண்டு சுருங்கி, பிள்ளையின் மேஸ் பொம்மைக்குத்தான் போதும். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு வேலை செய்கிற தாயிடம் கையால் தோய் என்று சொல்வது பரிசல்ல, இன்னொரு வேலை. நூல் மிச்சம் வந்தது என்பதற்காக யாரும் போடமாட்டாத நிறச் சேர்க்கையில் பின்னக்கூடாது. பின்னியவர் பெயர் எழுதிய துண்டு வைக்கக்கூடாது. யாருக்குக் கிடைத்தது என்று விசாரிக்கக்கூடாது. இந்தச் சட்டங்களில் நூறு வருட அனுபவம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சூலுப் பெண்ணைக் கற்பனை செய்து அழுத காலத்திலிருந்து இவர்கள் வெகுதூரம் வந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் குறுக்கே வந்தது இந்த மண்டபத்தில்தான். இரண்டு வருடத்துக்கு முன்னர் மகளோடு இருக்க வந்த ஒரு தமிழ் அம்மா குழுவில் சேர்ந்தார். ஊரில் ஒரு மிஷன் பாடசாலையில் படித்தவர், எழுபத்தைந்துக்கு மேல். ஊசியைக் கையில் எடுத்து நாலு வரி பின்னியதும் பக்கத்திலிருந்த நோர்வேஜியப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அவருடைய கையைப் பார்த்தார்கள். இந்த நாட்டில் நூலை இடதுகை விரலில் சுற்றி வைத்துக்கொண்டு வலது ஊசியால் கோலி எடுப்பார்கள். அம்மா நூலை வலது கையில் பிடித்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசி மேலால் எறிந்து சுற்றினார். "அது ஆங்கிலேயப் பின்னல்," என்றார் ஒரு கிழவி. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பரவலாக இருப்பது அந்த முறை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இடதுகை முறையை ஜேர்மன்காரரின் பழக்கம் என்று அங்கே ஒதுக்கியதாகவும் சொல்வார்கள்.

எனக்கு அது ஓர் ஆவணத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. எரிந்துபோகாத ஆவணம். இந்த விரலசைவை அம்மாவுக்கு ஓர் ஆசிரியை பழக்கினார், அவருக்கு இன்னொருவர் பழக்கினார். அப்படியே பின்னால் போனால் ஒரு கப்பலில் போய் முடியும்.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824இல் தொடங்கியது. தொடங்கியவர் ஹரியட் வின்ஸ்லோ, நாம் தமிழ்-ஆங்கில அகராதியால் அறிந்திருக்கின்ற மைரன் வின்ஸ்லோவின் மனைவி. 1862இல் வந்த அந்த அகராதியை எல்லோருக்கும் தெரியும். 1833இல் இறந்துபோன மனைவியைச் சிலருக்குத்தான் தெரியும். உடுவிலின் தொடக்கம் பற்றிச் சொல்லப்படும் கதையொன்றில், மிஷன் வீட்டு விறாந்தையில் விளையாடவந்த இரண்டு சிறுமிகளுக்குத் தையல் பழக்குகிறார்கள். மழை பெய்த ஓர் இரவு வீடு திரும்ப முடியாமல் போனவள் மிஷன் வீட்டிலேயே சாப்பிட்டுவிடுகிறாள். சாப்பிட்டதால் சாதி போயிற்று, ஆகவே அங்கேயே இருந்து படிக்கிறாள். படிப்பை விடத் தையல்தான் முதலில் உள்ளே இழுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்துப் படித்த பெண்ணை யார் கட்டுவான் என்று பயந்த தகப்பன்மாருக்கு, ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்ணில் ஆட்சேபம் குறைவு.

அந்தச் செலவுக்குக் காசு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் கிராமத்துத் தேவாலயங்களிலிருந்து. அங்கேயும் பெண்கள் தையல் வட்டங்கள் வைத்திருந்தார்கள், செய்ததை விற்றார்கள், யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையைத் தாபரிக்கச் சந்தா அனுப்பினார்கள். சந்தா அனுப்பியவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைப்பதும் வழக்கமாக இருந்தது. எங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்களின் பெயருக்கு முன்னால் அமெரிக்கக் குடும்பப் பெயர்கள் தொங்குவதன் காரணம் இது. ஒரு மேசுக்குப் பெயர்த்துண்டு வைப்பது இன்று அநாகரிகம் என்று நினைக்கிறார்கள். அன்று பிள்ளைக்கே பெயர்த்துண்டு வைத்தார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"தம்பி, அவையள் பேர் வைச்சதும் உண்மைதான். ஆனா எங்கட ஆக்கள் வைச்ச பேருகளையும் ஒருக்கா நினைச்சுப் பாரும். எங்கட வளவுக்கு வேலைக்கு வாற மனுசிக்கு ஒரு பேர் இருந்தது, ஒருத்தரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை."

இதற்குமேல் நான் விளக்கவேண்டியதில்லை. நமது சமூகத்திலும் உடுப்புக் கொடுத்தோம். எப்படிக் கொடுத்தோம்? பழையதைக் கொடுத்தோம். குடிமை செய்தவர்களுக்கு உடுத்துக் கழித்த சீலையைக் கொடுத்தோம், அதை வாங்கும்போது எந்தத் தூரத்தில் நிற்கவேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டிருந்தது. புதிதாக ஒன்றை, அளவு பார்த்து, அவர்களுக்கென்று செய்து கொடுத்ததாக எனக்கு ஒரு நினைவும் இல்லை. கொடுப்பது அங்கே தாழ்த்தும் ஒரு முறை. ஆகவேதான் புலம்பெயர்ந்த நாடுகளில் நமது ஆட்களுக்கு ஒரு பொதி உடுப்பு கையில் கிடைத்ததும் முகம் கறுக்கிறது. முகாமில் நான் இருந்தபோது எங்களுக்கு வந்த பெட்டியொன்றில் அருமையான கைப்பின்னல் சுவெற்றர்கள் இருந்தன. "நாங்கள் என்ன பழஞ்சீலை வாங்கிற ஆக்களோ" என்று ஒருவர் அதை அப்படியே பக்கத்து அறைச் சோமாலியரிடம் தள்ளிவிட்டார். சோமாலியர் மகிழ்ச்சியோடு போட்டுக்கொண்டு பனியில் போனார். அந்தச் சுவெற்றர் பழசே அல்ல, அப்போதுதான் பின்னியது. எங்கள் ஆளுக்குத் தெரிந்த கொடைகளில் புதியது என்று ஒன்று இருக்கவில்லை, அவ்வளவுதான்.

தென்தமிழ்நாட்டுக் கதை இன்னும் கூர்மையானது. நாகர்கோவிலுக்கு 1819இல் வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மோல்ட், 1820களின் தொடக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னப் பழக்கினார். நம்மூரில் றேந்தை என்போம். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது, சட்டப்படி ஒழிந்தது 1855இல். லேஸ் விற்ற காசைக்கொண்டு அடிமைச் சாதிப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். அதே பகுதியில், அதே காலத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைக்க உரிமை கேட்டதற்காக அடிவாங்கிக்கொண்டிருந்தார்கள். தோள்சீலைக் கலவரம் என்று நாம் படிப்பது இதைத்தான். குப்பாயம் போட அரசு பிரகடனம் விட்டது 1859 யூலையில். தான் பின்னிய லேஸ் ஐரோப்பியச் சீமாட்டியின் கழுத்தில் கிடக்க, பின்னியவளுக்குத் தன் உடம்பில் ஒரு துண்டுத் துணி போட முடியாத நாடு அது. மிஷனின் நோக்கம் மதமாற்றம் என்று சொல்லி இதை ஒரே வரியில் கடந்துபோகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். நோக்கம் அதுதான். ஆனால் அந்தப் பெண் எண்ணிக் கொடுத்த காசு அவளுடைய விரல் சம்பாதித்தது.

நம்மிடம் இதற்கு நிகராக ஒன்றுமே இருக்கவில்லை என்று சொன்னால் அதுவும் அநியாயம். பிடியரிசி இருந்தது. உலையில் போடமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துப் புறம்பாகப் போட்டு வைப்பது. தேவாலயங்களுக்கும் கொடுத்தார்கள், நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப் பாடசாலைக்கும் இப்படி அரிசி சேர்ந்தது. நாவலரின் சரித்திரம் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பிடியை எடுத்த கைகளைப் பற்றி ஒரு பக்கம்கூட நான் வாசித்ததில்லை. லிங்டாலில் மேஸ் பின்னியவளுக்கும் வண்ணார்பண்ணையில் அரிசி எடுத்தவளுக்கும் வித்தியாசம், முன்னையவளின் சங்கம் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருந்தது என்பதுதான். அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் 1904 வந்தது. நமது பெண்கள் பிடி எடுத்ததோடு சரி. பொதுச்சபையில் கை உயர்த்தும் கேள்வி எழவேயில்லை.

இலவசமாகப் பின்னிக் கொடுப்பது எப்போதும் நல்லதுதானா? முதலாம் உலக யுத்தம் தொடங்கிய 1914இல் பிரித்தானியாவின் மேரி ராணி படையினருக்காக மூன்று இலட்சம் மேஸ்களும் வயிற்றுப் பட்டிகளும் வேண்டும் என்று பெண்களைக் கேட்டார். கனவான்களின் வீடுகளெல்லாம் ஊசியும் கையுமாகின. அதே வாரங்களில் துணித் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டு, கூலிக்குத் தைக்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து நின்றார்கள். சீமாட்டிகள் சும்மா பின்னிக் கொடுத்தால் எங்கள் ஆட்களுக்கு யார் கூலி கொடுப்பார் என்று தொழிற்சங்கவாதி மேரி மக்காதர் எழுந்து கேட்டார். ராணி அவரை அழைத்துப் பேசி, வேலையற்ற பெண்களுக்குக் கூலி வேலை கொடுக்கும் நிதியொன்று உருவாக்கப்பட்டது. மக்காதரின் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் குசினியில் விடுமுறைக்கால மாணவர் ஒருவர் "அனுபவத்துக்காக" சம்பளமில்லாமல் வந்து நின்றபோது, கோப்பை கழுவுகிற எரித்திரியனின் மணித்தியாலங்கள் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். தர்மத்துக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். திங்கட்கிழமைக் குழுவுக்கு அந்தக் குற்றம் இல்லை. கையால் பின்னிய மேசை நம்பி இன்று யாரும் இந்த நாட்டில் அடுப்பெரிக்கவில்லை.

கொடுப்பவர்களாகவே நாம் காண்கிற நோர்வேஜியர்கள் வாங்குபவர்களாகவும் இருந்த காலம் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஜேர்மன் ஆக்கிரமிப்பின்போது கம்பளி கிடைக்கவில்லை. பழைய சுவெற்றர்களை அவிழ்த்து, அந்த நூலைத் திரும்பப் பின்னினார்கள். மீன் தோலில் சப்பாத்து செய்தார்கள். சிவப்பு நிறப் பின்னல் தொப்பி எதிர்ப்பின் அடையாளமாகிப்போக, 1942 பெப்ரவரியில் அதைப் போடுவதையே தடைசெய்தார்கள். ஒரு தொப்பிக்குப் பயந்த அரசு! 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜேர்மன் படை வடக்கே பின்மார்க்கை வீடு வீடாக எரித்தது. சுமார் ஐம்பதாயிரம் பேரைத் தெற்கே துரத்தினார்கள். இன்னும் பல ஆயிரம் பேர் குகைகளிலும் புல்மேய்ந்த குடில்களிலும் ஒளித்துக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அதே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில்தான் 1980களில் எங்கள் ஆட்கள் வந்து மீன் வெட்டினார்கள். அந்த ஊர்க் கிழவிகள் தங்களுக்கு மேஸ் தந்ததை அண்ணன்மார் சிலர் இன்றும் சொல்வார்கள். தந்தவர்களில் எத்தனை பேர் தாங்களே ஒருகாலத்தில் இன்னொருவரின் மேசைப் போட்டுத் தப்பியவர்கள் என்று அப்போது கேட்க மொழி இருக்கவில்லை.

எங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். 1944இல் நான்கு வயது. கப்பலில் கொண்டுவந்து இறக்கிய ஊரில் யாரோ போட்டுவிட்ட பச்சைக் கையுறையின் நிறம் மட்டும் நினைவிருக்கிறது என்றார். முகம் நினைவில்லை. "முகம் நினைவில்லாதது நல்லது," என்று பிறகு சொன்னார், "இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்."

அந்த எண்ணத்தை ஒரு முறையாகவே ஆக்கியிருக்கிறார்கள் இங்கே. நத்தாருக்கு முந்திய வாரங்களில், நகரத் தேவாலயத் தொண்டமைப்பொன்றின் ஏற்பாட்டில், கையால் பின்னிய சிவப்புச் சால்வைகளை மரங்களிலும் விளக்குக் கம்பங்களிலும் கட்டிவிடுவார்கள். குளிர்கிறவர் எடுத்துக்கொள்ளலாம், ஒரு சிறு குறிப்பு மட்டும் இருக்கும். கொடுப்பவர் அங்கே நிற்பதில்லை. வரிசை இல்லை, பதிவு இல்லை, படம் எடுப்பு இல்லை. கோயில் அன்னதானத்துக்கே உபயகாரர் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று தரம் சொல்கிற நமக்கு இது விளங்கக் கொஞ்சக் காலம் எடுக்கும்.

எல்லாம் நல்லபடியாக முடிகிறது என்றும் இல்லை. அன்னமோர் சுண்ட்பே என்ற நெசவுக் கலைஞர் 1983இல் கிறிஸ்தியான்சாண்ட் அருகே ஒரு பழைய கம்பளித் தொழிற்சாலையை வாங்கினார். கந்தல் கம்பளியைக் கிழித்துத் திரும்ப நூலாக்குகிற இடம் அது. அதோடு பல தொன் கந்தலும் அவருக்கு வந்து சேர்ந்தது. கிளறிப் பார்த்தால் கையால் பின்னிய மேஸ்கள், சுவெற்றர்கள், கையுறைகள். ஒருவர் இருந்து இருந்து பின்னியவை, இன்னொருவர் தைத்துத் தைத்துப் போட்டவை, கடைசியில் நிறைக்கு விற்கப்பட்டவை. அந்தக் கந்தல் குவியலிலிருந்து அவர் நோர்வேஜியப் பின்னலின் சரித்திரத்தை எழுதினார். வரலாறு படித்தவனுக்குப் பொறாமை வரும் குவியல் அது. குதியில் மூன்று தரம் வேறு வேறு நிறத்தில் தைக்கப்பட்ட ஒரு மேஸ், கொடுத்தவரைப் பற்றிச் சொல்வதை விட வாங்கியவரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

வாங்கியவர் பேசுகிற இடங்கள் ஆவணங்களில் மிகக் குறைவு. தேவாலயத் தையல் சங்கங்களுக்கெல்லாம் பெயர் கொடுத்த தொற்காளின் கதை அதில் ஒன்று என்பது விசித்திரம். யோப்பாப் பட்டினத்தில் அவள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு நின்று, அவள் தங்களுக்குச் செய்து தந்த உடுப்புகளைப் பேதுருவுக்கு எடுத்துக் காட்டுகிறார்கள். மான் தீவின் டக்ளஸ் நகரில் 1834இல், கொள்ளை நோயிலிருந்து தப்பியதற்கு நன்றியாகத் தொடங்கிய சங்கத்திலிருந்து உலகம் முழுக்க எத்தனையோ சங்கங்கள் அவள் பெயரை வைத்துக்கொண்டன. அந்த விதவைகளின் பெயரை ஒருவரும் வைக்கவில்லை, பெயர் எழுதப்படவும் இல்லை.

திங்கட்கிழமைக் குழுவின் குறிப்புப் புத்தகங்கள் மண்டபத்து அலுமாரியில் இருக்கின்றன. ஆரம்பத்துக் கொப்பிகளில் பெண்களின் பெயருக்குப் பதில் கணவனின் தொழிலோடு சேர்த்து "இன்னாரின் மனைவி" என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு சொந்தப் பெயர் வருகிறது. என்ன பின்னினார்கள், எத்தனை சோடி, ஏலத்தில் என்ன விலை போனது, கோப்பிக்கு யார் பலகாரம் கொண்டுவந்தார் என்பதெல்லாம் உண்டு. வாங்கியவர் என்று ஒரு நிரல் எங்கும் இல்லை. இந்த வருடக் கொப்பியில் தமிழ் அம்மாவின் பெயர் இரண்டு எழுத்துப் பிழையோடு இருக்கிறது, அவர் திருத்தவேண்டாம் என்கிறார். கிழவிகளுக்கு வயதாகிறது, புத்தகங்களை நகர ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். கொடுக்கமுன் வாசித்து முடிக்க எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. பழைய கையெழுத்து, மெதுவாகத்தான் போகிறது. இன்னும் நான்கு கொப்பிகள் மிச்சம்.